சீக்கியத்தின் சமத்துவமும் மனித உரிமையும்: மேடையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

மேடைக்குறிப்பு:

வணக்கம். டிசம்பர் 10 மனித உரிமை நாளுக்காக இருபது நிமிடப் பேச்சு ஒன்று தயார் செய்ய வேண்டும். பொருள், சீக்கிய மதமும் சமத்துவமும். தமிழில் தேடினால் திரும்பத் திரும்ப நாலே விஷயம்தான் கிடைக்கிறது. குரு நானக் சாதியை மறுத்தார், லங்கர் என்னும் பொதுப் பந்தியில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், பொற்கோயிலுக்கு நான்கு வாசல், ஆகவே 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தைச் சீக்கியம் பல நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. இந்தக் கடைசி வாக்கியம் சரிதானா?

மூல நூலிலிருந்து எந்த வரிகளைத் தைரியமாக மேற்கோள் காட்டலாம், எவை நூலில் இல்லாமல் வாய்வழியாகப் புழங்குபவை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சடங்குகளைப் பற்றியும் பொதுப்படையாக இல்லாமல், உள்ளே உண்மையில் என்ன செய்கிறார்கள் என்ற விவரம் வேண்டும். "அங்கேயும் சாதி இருக்கிறதே, தனித்தனிக் குருத்வாராவே இருக்கிறதே" என்று அரங்கிலிருந்து ஒருவர் எழுந்தால் மழுப்பாமல் என்ன பதில் சொல்வது?

அங்க்1430:

அந்தக் கடைசி வாக்கியத்தை முதலில் எடுத்துவிடுங்கள். பிரகடனம், தனி மனிதர் அரசைப் பார்த்து "இது எனக்கு உரியது" என்று கேட்கும் ஆவணம். குருக்களின் பாடல்கள் கேட்பவரைப் பார்த்து "இது உனக்கு உரியதல்ல, தொடாதே" என்கின்றன. இரண்டும் ஒரே இடத்தைக் காக்கின்றன, ஆனால் நிற்கும் பக்கம் வேறு.

இதற்கு நல்ல சான்று, சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பில் 141ஆம் அங்கில் (பக்கத்தில்) உள்ள குரு நானக்கின் வரி: "ஹக் பராயா நானகா, உஸ் சூஅர் உஸ் காய்". பிறருக்குரிய ஹக்கைப் பறித்துத் தின்பது ஒருவருக்குப் பன்றியைத் தின்பது போல, மற்றவருக்குப் பசுவைத் தின்பது போல என்று பொருள். முஸ்லிமுக்கும் இந்துவுக்கும் எது அறவே ஆகாதோ அதோடு நிறுத்தி வைத்துச் சொல்கிறார். ஹக் என்ற அரபுச் சொல்தான் இன்றைக்கும் பஞ்சாபியில் உரிமைக்குப் புழங்கும் சொல். இந்த வரியில் அது அடுத்தவருடைய உரிமை, என் பக்கம் அது கடமை. உங்கள் இருபது நிமிடத்துக்கு இந்த ஒரு வரியே முதுகெலும்பாக நிற்கும்.

மேற்கோள் காட்டும் முறை எளிது. குரு கிரந்த் சாகிப்பின் அச்சுப் பிரதி எல்லாமே 1430 பக்கம்தான், எந்தப் பிரதியிலும் ஒரே வரி ஒரே பக்கத்தில்தான் இருக்கும். பக்கத்தை அங்க் என்பார்கள், உடலின் உறுப்பு என்ற மரியாதையோடு. பாடலின் தலைப்பில் மஹலா 1 என்று இருந்தால் குரு நானக், 3 என்றால் குரு அமர்தாஸ், 5 என்றால் குரு அர்ஜன், 9 என்றால் குரு தேக் பகதூர். அங்க் எண்ணையும் மஹலாவையும் சொல்லிவிட்டால் யாரும் சரிபார்க்கலாம். அந்த இரண்டும் இல்லாமல் "குரு நானக் சொன்னார்" என்று வரும் மேற்கோளைத் தொடவே தொடாதீர்கள்.

துணிந்து சொல்லக்கூடியவை:

அங்க் 349, மஹலா 1. உள்ளிருக்கும் ஜோதியைப் பார், சாதியைக் கேளாதே, மறுமையில் சாதி கிடையாது. சமத்துவத்துக்கு இங்கே சொல்லப்படும் காரணம் எல்லாரிடமும் இருக்கும் அந்த ஒரே ஜோதி. பிரகடனத்தின் முதல் விதி பகுத்தறிவையும் மனச்சான்றையும் பேசுகிறது, கடவுளைப் பேசவில்லை. இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டாம்.

அங்க் 15, மஹலா 1. தாழ்ந்தவரிலும் தாழ்ந்த சாதி, அவரிலும் கடைக்கோடியில் இருப்பவர் யாரோ, நானக் அவரோடு சேர்ந்தவன். பலரும் இதை விட்டுவிட்டு மென்மையான வரிகளைத் தேடுகிறார்கள். இதில் இருப்பது பொதுவான அன்பு மட்டுமல்ல, யார் பக்கம் நிற்கிறேன் என்ற தேர்வு.

அங்க் 473, ஆசா தீ வார். மன்னர்கள் யாரிடமிருந்து பிறக்கிறார்களோ அவளை எப்படி இழிவாகப் பேசலாம் என்ற வரி. விடியற்காலையில் குருத்வாராக்களில் பாடப்படும் தொகுப்பு இது. சூதகம் என்னும் பிள்ளைப்பேற்றுத் தீட்டை மறுக்கும் பகுதியும் இதே தொகுப்பில் இதற்கு அருகிலேயே வருகிறது, அதையும் சேர்த்துப் படியுங்கள்.

அங்க் 345, ரவிதாசரின் பேகம்புரா. துயரம் இல்லாத ஊர், வரி இல்லை, இரண்டாம்தரம் மூன்றாம்தரம் என்று யாரும் இல்லை. எழுதியவர் காசியில் தோல் வேலை செய்தவர்.

கடைசியாகச் சொன்னதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கிரந்த் சாகிப்பில் ஆறு குருக்களோடு பதினைந்து பக்தர்களின் பாடல்களும் இருக்கின்றன. நெசவாளர் கபீர், துணிக்குச் சாயம் போடும் குடியில் பிறந்த நாமதேவர், நாவிதர் சைன், கசாப்புக்காரர் சாதனா, சூஃபி ஷேக் ஃபரீத். 1604இல் குரு அர்ஜன் தொகுத்தபோதே இந்தப் பக்தர்கள் எல்லாரும் உள்ளே வந்தார்கள். 1708இல் அந்த நூலே குரு ஆனது. ஆகவே நிலவுடைமைச் சாதியான ஜாட் சாதியைச் சேர்ந்த ஒருவர் நூல் முன்னால் நெற்றியைத் தரையில் வைக்கும்போது, தோல் தொழிலாளி ஒருவரின் சொல்லுக்கும் சேர்த்தே வணங்குகிறார். இதற்கு இணையான ஏற்பாடு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இனி, நூலில் இல்லாதவை. "இந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை" என்று குரு நானக் சொன்னதாக வருவது ஜனம்சாக்கி எனப்படும் வாழ்க்கைக் கதைகளில். "முதலில் பங்கத் (பந்தி), பிறகு சங்கத் (சபை)" என்பது குரு அமர்தாஸ் காலத்து வழக்கமாக மரபு சொல்லும் வாசகம். "மனித குலம் முழுவதையும் ஒரே சாதியாக அறி" என்பது அகால் உஸ்தத் என்னும் பாடலில், அதாவது குரு கோவிந்த் சிங் பெயரில் வழங்கும் தசம் கிரந்தம் என்ற வேறொரு நூலில் இருக்கிறது. மூன்றையும் பயன்படுத்தலாம், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டுப் பயன்படுத்துங்கள். நான்கு வாசல் உண்மை. "நான்கு வருணத்துக்கும் உபதேசம் பொது" என்ற 747ஆம் அங்கின் வரியோடு சேர்த்துச் சொன்னால் கட்டடத்துக்கும் நூலுக்கும் உள்ள தொடர்பு கேட்பவர்களுக்குப் பிடிபடும்.

பந்திவரிசை:

சடங்கு விவரம் கேட்டிருக்கிறீர்கள். சீக்கியத்தின் சமத்துவம் கருத்தாக இருப்பதைவிட உட்காரும் முறையாக, பாத்திரமாக, அளவாக அதிகம் இருக்கிறது. அதனால் இது முக்கியம்.

பங்கத் என்பதும் நம்முடைய பந்தி என்பதும் பங்க்தி என்ற ஒரே சொல்லின் கிளைகள். தமிழில் பந்தி வஞ்சனை என்ற சொல் இருக்கிறதே, அது நடக்க வழியே இல்லாதபடி ஒரு பந்தியை அமைப்பதுதான் லங்கர். எப்படி என்று பாருங்கள். எல்லாரும் தரையில், ஒரே உயர விரிப்பில். தலைவாசலில் யார் முதலில் வந்தாரோ அவர் முதலில். வரிசை நிரம்பும்வரை பரிமாற மாட்டார்கள். ஒரே பருப்பு, ஒரே ரொட்டி. ரொட்டியைப் பிரசாதா என்பார்கள், தட்டில் போட மாட்டார்கள், இரண்டு கையையும் நீட்டி ஏந்த வேண்டும். கொடுப்பவர் குனிகிறார், வாங்குபவர் கையேந்துகிறார், அமைச்சரானாலும் கூலிக்காரரானாலும் கை அதே கோணத்தில்தான் நிற்கும். சைவ உணவு என்பதற்கும் நடைமுறைக் காரணம் உண்டு. எந்த மதத்தாரும், எந்த விலக்கு உள்ளவரும் உட்கார்ந்து சாப்பிட முடிய வேண்டும்.

சாப்பிடுவதில் பாதி சமத்துவம்தான் இருக்கிறது. மீதி, சமைப்பதிலும் கழுவுவதிலும். யார் சமைத்தார் என்று கேட்காமல் சாப்பிட வைப்பது, சாதியின் தீட்டுக் கணக்கில் இன்னும் ஆழமான உடைப்பு. அதனால்தான் பாத்திரம் கழுவும் இடமும் ஜோடா கர் என்னும் செருப்புக் காப்பிடமும் சேவையில் உயர்வாகக் கருதப்படுகின்றன. முன்பின் தெரியாதவரின் செருப்பைக் கையால் வாங்கித் துடைத்து வைப்பது அங்கே வேண்டி விரும்பிப் பெறும் வேலை.

எங்கே தவறுகிறது என்றும் சொல்ல வேண்டும். முக்கியப் புள்ளிகளுக்குத் தனி அறையில் லங்கர் பரிமாறினால் அது லங்கரே இல்லை, வெறும் இலவசச் சாப்பாடு. மேசை நாற்காலி விவகாரமும் உண்டு. கனடாவில் சில குருத்வாராக்கள் நாற்காலி போட்டதைத் தொடர்ந்து, தரையில்தான் உட்கார வேண்டும் என்று 1998இல் சீக்கியரின் உச்ச சமயப் பீடமான அகால் தக்த் ஆணை போட்டது. முழங்கால் வலிக்காரருக்கு நாற்காலி கொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானதா? என் கருத்து, இல்லை. ஆனால் அவரை மூலையில் தனியே உட்கார வைக்காமல் வரிசையின் ஓரத்திலேயே சேர்த்து அமர்த்த வேண்டும். உயரம் மாறலாம், வரிசை உடையக் கூடாது.

கடாஹ் பிரசாத் பற்றிப் பேச்சில் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம எடை. சீக்கிய ஒழுக்க விதியான ரெஹத் மரியாதாவே சமப் பங்கு என்றுதான் சொல்கிறது. ஒரு கிலோ மாவு என்றால் ஒரு கிலோ நெய், ஒரு கிலோ சர்க்கரை. தண்ணீர் இரண்டிலிருந்து மூன்று பங்கு. சர்க்கரையைத் தனிப் பாத்திரத்தில் தண்ணீரில் கொதிக்க வைத்துக்கொண்டே, இரும்புக் கடாயில் நெய்யில் மாவைச் சிறு தீயில் கிண்ட வேண்டும். மாவு பழுப்பாகி நெய் ஓரத்தில் பிரிந்து வரும்போது கொதிக்கும் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றுவார்கள். ஆறிய தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். அவசரப்பட்டுச் சீக்கிரம் ஊற்றினால் பச்சை மாவு வாடை போகாது, அடிநாக்கில் ஒட்டும். அர்தாஸ் என்னும் வேண்டுதல் முடிந்ததும் கிர்பான் என்னும் சிறுவாளின் நுனியால் தொட்டு, முதலில் ஐந்து பங்கு பஞ்ச் பியாரே எனப்படும் அன்புக்குரிய ஐவரை நினைத்து எடுப்பார்கள். பிறகு எல்லாருக்கும் கைப்பிடியளவு. பரிமாறுபவர் உயர்ந்தவர் தாழ்ந்தவர், சாதி, மதம் எதையும் பார்க்கக் கூடாது, யாரிடமும் அருவருப்புக் காட்டக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. பந்தி வஞ்சனைக்கு எழுத்திலேயே தடை.

அடுத்து அம்ரித் என்னும் தீட்சைச் சடங்கு. 1699 வைசாகித் திருநாளில் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் அந்த ஐந்து பேரைத் தேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் யார் என்று மரபு சொல்வதைக் கவனியுங்கள்: லாகூர்க் கத்ரி ஒருவர், ஹஸ்தினாபுர ஜாட் ஒருவர், புரியிலிருந்து தண்ணீர் சுமப்பவர், துவாரகையிலிருந்து துணிக்கு அச்சடிப்பவர், பீதரிலிருந்து நாவிதர். இன்றைக்கும் முறை அதேதான். இரும்புக் கிண்ணத்தில் தண்ணீரும் பதாஷா என்னும் சர்க்கரை வில்லையும். ஐவரும் வலது முழங்காலைத் தரையில் ஊன்றி அமர்ந்து, இருபுறமும் கூரான கண்டா என்னும் வாளால் கலக்கிக்கொண்டே பாணி எனப்படும் ஐந்து வேண்டுதல் பாடல்களை முழுதாக ஓதுவார்கள். ஜப்ஜி, ஜாப், பத்து சவையே, சௌபாய், ஆனந்த். பெறுபவர் ஐந்து முறை உள்ளங்கையில் வாங்கிக் குடிக்க, ஐந்து முறை கண்ணிலும் ஐந்து முறை தலையிலும் தெளிப்பார்கள். மிச்சம் இருப்பதை எல்லாரும் ஒரே கிண்ணத்திலிருந்து குடிக்க வேண்டும். வாய் வைத்த கிண்ணத்திலேயே அடுத்தவர் வாய். எச்சில் என்ற எண்ணத்தை அந்த இடத்திலேயே அறுத்துவிடுகிறார்கள். கடைசியில் குருவே அந்த ஐவர் முன் மண்டியிட்டு அம்ரித் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்களுக்கு சிங், பெண்களுக்கு கௌர் என்ற பெயர் சாதிப் பெயரை விடுவதற்கும், பெண் தன் பெயருக்குத் தகப்பனையும் கணவனையும் சார்ந்திராமல் இருப்பதற்கும் வழி.

உறுப்பு17:

மேலே உள்ள இருவர் சொன்னதும் சரி. அரங்கில் எழக்கூடிய கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். மழுப்பாமல் என்று கேட்டதற்கு நன்றி.

ஆம், சாதி இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் பஞ்சாபில் பட்டியல் சாதியினர் 31.94 சதவீதம், நாட்டிலேயே அதிக விகிதம். கிராமங்களில் தனித்தனிக் குருத்வாராவும் தனித்தனிச் சுடுகாடும் உண்டு. 1950இல் பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது, இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்துவிட்டு, விலக்காக நான்கு சீக்கியச் சாதிகளைச் சேர்த்தார்கள்: மஸ்ஹபி, ராம்தாசி, கபீர்பந்தி, சிக்லிகர். சீக்கியத் தலைவர்களே கேட்டு வாங்கியது அது. 1956இல் எல்லாப் பட்டியல் சாதிச் சீக்கியருக்கும் விரிந்தது. மதம் சாதி இல்லை என்கிறது, ஆனால் அதன் மக்களுக்குச் சாதியால் வந்த இழப்புக்கு ஈடு தேவைப்பட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை.

ஏன் இப்படி ஆனது? பந்திவரிசை விவரித்த எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள். சாப்பாட்டுக்கு விதிமுறை இருக்கிறது, பிரசாதத்துக்கு இருக்கிறது, அம்ரித்துக்கு இருக்கிறது. அங்கெல்லாம் சமத்துவம் பெரும்பாலும் நிற்கிறது. நிலத்துக்கு அப்படி ஒரு கிண்ணம் இல்லை. திருமணத்துக்கு விதி உண்டு, சாதி பார்க்காமல் மணம் செய்ய வேண்டும் என்று ரெஹத் மரியாதா சொல்கிறது. ஆனால் அதை மீறினால் யாரும் கேட்பதில்லை. மணமகன் தேவை விளம்பரங்களில் ஜாட் சீக், ராம்கடியா, மஸ்ஹபி என்று தலைப்பிட்டே வருகிறது. நடைமுறையும் கண்காணிப்பும் உள்ள இடத்தில் போதனை வேலை செய்கிறது, சொத்தும் உறவும் வரும் இடத்தில் தனியே விட்டால் தோற்கிறது. அந்த இடத்தில்தான் உரிமைச் சட்டம் வர வேண்டியிருக்கிறது.

நிலத்தையே எடுத்துக்கொள்வோம். பஞ்சாபின் 1961ஆம் ஆண்டு கிராமப் பொதுநிலச் சட்டத்தின் கீழ், பஞ்சாயத்துச் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் ஏலம். நடப்பது என்ன? நிலக்காரர் தன்னிடம் வேலை செய்யும் பட்டியல் சாதிக்காரர் ஒருவரைப் பெயருக்கு நிறுத்தி ஏலம் எடுப்பார். பணமும் அவருடையது, பயிரும் அவருடையது. ஏலத்தொகையை ஏற்றிவிட்டால் கூலி வேலை செய்யும் குடும்பம் தனியாக நின்று கேட்கவே முடியாது. சங்ரூர் மாவட்டத்தில் 2014 முதல் நடந்த போராட்டத்தில் மக்கள் கண்ட வழி, ஊர்த் தலித் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே ஏலம் கேட்டு, கூட்டாகப் பயிரிட்டுத் தீவனத்தையும் தானியத்தையும் பங்கிட்டுக்கொள்வது. பாலத் கலான் கிராமம் இதில் பேர்போனது. பெண்களுக்கு இதன் பொருள் நேரடியானது. மாட்டுக்குப் புல் அறுக்க அடுத்தவர் வரப்பில் கால் வைத்து ஏச்சு வாங்க வேண்டியதில்லை.

குருத்வாரா நிர்வாகத்திலும் இதே கதை. ஜலந்தர் அருகே தல்ஹனில் வழிபாட்டிடக் குழுவில் இடம் கேட்ட தலித்துகளுக்குச் சமூகப் புறக்கணிப்பு விதித்தார்கள். 2003இல் அது கலவரம் வரை போய், இடம் கொடுத்த பிறகுதான் அடங்கியது. சேர்ந்து சாப்பிடலாம், கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்து பார்க்கக் கூடாது என்றால் சமத்துவம் பந்தியோடு நின்றுபோகிறது. 2010 ஜனவரியில், ரவிதாசரைப் பின்பற்றும் ரவிதாசியர்களில் ஒரு பெரும் பகுதியினர் தனி மதமும் தனி நூலும் அறிவித்துப் பிரிந்துபோனதற்கு, முந்தைய ஆண்டு வியன்னாவில் அவர்களின் குரு ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டது உடனடிக் காரணம். ஆனால் அடியில் இருந்தது நீண்டகால அவமதிப்பு.

பெண்கள் விஷயத்தில் இரண்டு பக்கமும் கூர்மையாகவே இருக்கிறது. 1925ஆம் ஆண்டின் குருத்வாராச் சட்டம் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது, நாட்டின் பல தேர்தல்களுக்கு அது எட்டாக்கனியாக இருந்த காலம். ரெஹத் மரியாதா பெண்ணுக்கு முகத்திரை கூடாது என்கிறது, விதவை மறுமணத்தை ஏற்கிறது, பெண் சிசுவைக் கொல்பவரோடு உறவே கூடாது என்கிறது, அம்ரித் கொடுப்பவர்களில் பெண்களும் இருக்கலாம் என்று எழுத்தில் சொல்கிறது. நடைமுறை? அம்ரித் கொடுக்கும் ஐவரில் பெண்ணைக் காண்பது அரிது. பொற்கோயில் கருவறையில் பெண்களும் கீர்த்தனை பாட அனுமதி வேண்டும் என்று 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றமே தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. பஞ்சாபில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 2001இல் 798தான். அந்த ஆண்டே அகால் தக்த் கருக்கொலைக்கு எதிராக ஆணை போட்டது, 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டமும் இருந்தது. 2011இல் 846 ஆனது. உயர்வுதான், ஆனால் 473ஆம் அங்கைத் தினமும் விடியலில் பாடும் மண்ணுக்கு இது போதாது.

பாதிக் கதையோடு நிறுத்தாதீர்கள். உள்ளிருந்தே திருத்திய நாள் ஒன்றும் இருக்கிறது, பேச்சில் அவசியம் சேருங்கள். 1920 அக்டோபர் 12. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து புதிதாக அம்ரித் எடுத்தவர்கள் ஜாலியன்வாலா பாகில் கூடி, கடாஹ் பிரசாத்தோடு பொற்கோயிலுக்குப் போனார்கள். பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு, நூலையே கேட்போம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டது. கிரந்த் சாகிப்பைத் திறந்தபோது வந்தது 638ஆம் அங்க், குரு அமர்தாசின் சோரட் ராகப் பாடல். குணமற்றவரையும் அவனே மன்னித்துச் சத்குருவின் சேவையில் சேர்த்துக்கொள்கிறான் என்ற வரி. பிரசாதத்தை வாங்கினார்கள். அங்கிருந்து கூட்டம் அகால் தக்துக்குப் போனது, பூசாரிகள் விட்டுப்போன இடத்தில் குழு ஒன்று பொறுப்பேற்றது, அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு உருவானது. சீக்கியர்களின் மிகப் பெரிய நிர்வாக அமைப்பின் பிறப்புக்கு முன்னால் நிற்பது ஒரு தட்டுப் பிரசாதத்தை வாங்குவதா மறுப்பதா என்ற சண்டை.

மேடைக்குறிப்பு:

மூவருக்கும் நன்றி. பேச்சின் வரிசை இப்போது தெளிவாகிவிட்டது. இரண்டே சந்தேகம். மதச் சுதந்திரத்துக்குக் குரு தேக் பகதூரைச் சொல்லலாம்தானே? அப்புறம், தலைப்பாகை, கிர்பான் வழக்குகள் பற்றிச் சொல்வதற்கு நம்பகமான தீர்ப்பு எது? கேட்பவர்கள் எல்லாரும் தமிழ் மாணவர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் வரும் ஒரு நிகழ்வும் இருந்தால் நல்லது.

வைக்கம்சாலை:

பக்கத்தில் வரும் நிகழ்வு இருக்கிறது, பெரியாரைப் படித்தவர்களே பலர் கவனிக்காதது. 1924 வைக்கம் சத்தியாக்கிரகத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டவர்கள் நடக்கும் உரிமைக்காகப் போராடியவர்களுக்கு, பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து லங்கர் நடத்தினார்கள். குருத்வாராச் சீர்திருத்தத்துக்காகச் சிறைக்கும் தடியடிக்கும் போய்க்கொண்டிருந்த அதே அகாலிகள். காந்தி அதை விரும்பவில்லை. இது இந்துக்களின் உள்விவகாரம், வெளியார் நடத்தும் இலவசச் சமையலறை தொண்டர்களின் சுயமரியாதைக்கு நல்லதல்ல என்பது அவர் வாதம். லங்கர் மூடப்பட்டது. மனித உரிமை நோக்கில் இது பெரிய கேள்வி. தீண்டாமை ஒரு மதத்தின் உள்விவகாரமா, எந்த மனிதரும் தலையிடக்கூடிய அநீதியா? அகாலிகள் இரண்டாவது என்று எடுத்துக்கொண்டு அடுப்பை மூட்டினார்கள். அவர்கள் செய்தது சரி என்பதே என் உறுதியான கருத்து. மாணவர்களிடம் இதைக் கேள்வியாகவே விடலாம், விவாதம் சூடாகப் போகும்.

குரு தேக் பகதூரைத் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் சரியான இடத்தை அழுத்திச் சொல்லுங்கள். 1675 நவம்பரில் டெல்லி சாந்தினி சவுக்கில் தலை வெட்டப்பட்டார். காசுமீரப் பண்டிதர்களின் முறையீட்டை ஏற்று நின்றதால் என்பது சீக்கிய மரபு. அவர் காத்தது திலகத்தையும் பூணூலையும். குரு நானக் பூணூலை மறுத்தவர். தான் ஏற்காத ஒரு சின்னத்தை அணியும் உரிமைக்காக உயிர் கொடுத்தார் என்பதுதான் விஷயம். பிரகடனத்தின் 18ஆம் விதிக்கு மிக அருகில் வரும் செயல் இது. "யாருக்கும் அச்சம் கொடுக்காதே, யாருக்கும் அஞ்சாதே" என்ற அவருடைய வரி 1427ஆம் அங்கில் இருக்கிறது. இதை இந்து முஸ்லிம் பகைக் கதையாக யாராவது திருப்பினால், அதே கிரந்தத்தில் ஷேக் ஃபரீதின் பாடல்கள் இருப்பதை நினைவுபடுத்துங்கள்.

தீர்ப்புகளுக்கு வருகிறேன். இந்தியாவில் கேள்வி எளிது, அரசமைப்பின் 25ஆம் உறுப்பு முதல் விளக்கத்திலேயே கிர்பான் அணிவது சீக்கிய மத நம்பிக்கையில் அடங்கும் என்று இருக்கிறது. பிரிட்டனில் 1983இல் பிரபுக்கள் அவை, தலைப்பாகை கட்டிய மாணவரைச் சேர்க்க மறுத்த பள்ளியின் வழக்கில், சீக்கியர்கள் இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரிய இனக்குழு என்று தீர்ப்பளித்தது. கனடா உச்ச நீதிமன்றத்தின் 2006 தீர்ப்புதான் உங்களுக்குப் பாடம் நடத்த ஏற்றது. பள்ளி மாணவர் கிர்பான் அணியலாம், ஆனால் மரவுறையில் இட்டு, உறையோடு தடித்த துணிக்குள் வைத்துத் தைத்து, தோளில் மாட்டும் பட்டையோடு சேர்த்துத் தைத்து, சட்டைக்கு உள்ளே இருக்க வேண்டும். பாதுகாப்பா, மத உரிமையா என்று ஒன்றைத் தூக்கி எறியாமல் ஊசிநூலால் தீர்வு கண்டார்கள்.

பிரான்ஸ் வேறு மாதிரி. 2004இல் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையான மதச் சின்னங்களுக்குத் தடைச் சட்டம் வந்தது. வெளியேற்றப்பட்ட சீக்கிய மாணவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள், 2009இல் விசாரணைக்கே ஏற்கவில்லை. ஒரு மாணவரின் முறையீடு ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனது, 2012இல் அவருடைய மத உரிமை மீறப்பட்டது என்று அது சொன்னது. தலைப்பாகையைக் கழற்றிய படம் வேண்டும் என்ற வதிவிட அனுமதி அட்டை வழக்கிலும் அதே குழு 2011இல் அப்படியே கருத்துச் சொன்னது. பள்ளிச் சட்டம் ஒன்றே, மன்றங்கள் இரண்டு, எதிரெதிர் முடிவு. ஐ.நா. குழுவின் கருத்தை நாடுகள் மேல் கட்டாயப்படுத்தி நிறைவேற்றும் வழி இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பந்திவரிசை:

ஒரு சேர்க்கை. பேச்சுக்கு முன்போ பின்போ மாணவர்களைச் சென்னையில் தி. நகர் ஜி.என். செட்டி சாலை குருத்வாராவுக்கு அழைத்துப் போங்கள், கேள்விப்பட்டதைவிட உட்கார்ந்து பார்த்தால் புரியும். முன்கூட்டியே நிர்வாகத்திடம் எத்தனை பேர் என்று சொல்லிவிடுவது மரியாதை. ஆளுக்கொரு பெரிய கைக்குட்டை அல்லது துப்பட்டா, ஆண் பெண் இருவருமே தலையை மூட வேண்டும், தொப்பி வேண்டாம். பீடி, சிகரெட், புகையிலைப் பொட்டலம் பையில்கூட இருக்கக் கூடாது. செருப்பை விட்டுக் கை கால் கழுவி, கிரந்த் சாகிப்புக்குக் காலை நீட்டாமல் சம்மணமிட்டு உட்காரச் சொல்லுங்கள். பிரசாதத்துக்கு இரு கையையும் குழித்து நீட்ட வேண்டும். நெய் வழியும், துடைக்கத் துணி வைத்துக்கொள்ளட்டும்.

பந்தியில் நண்பர்கள் கும்பலாகச் சேர்ந்து உட்காரத்தான் பார்ப்பார்கள். விடாதீர்கள், வந்த வரிசையிலேயே உட்காரட்டும், பக்கத்தில் யார் வருகிறாரோ அவரோடு சாப்பிடட்டும். கேட்டு வாங்கியதை மீதி வைக்கக் கூடாது, ஆகவே முதலில் ஒரு ரொட்டி போதும். சாப்பிட்டு முடித்து உடனே கிளம்பாமல் அரை மணி நேரம் பாத்திரம் கழுவும் தொட்டியில் நிற்கச் சொல்லுங்கள். அங்கேதான் யாருடைய தட்டு யாருடைய கையில் என்ற கேள்வி அவர்களுக்குத் தானாகவே எழும்.